நேர்ந்த தாடியும் அடுப்புப் பஞ்சும்

நல்லமுத்துவின் முகத்தில் கத்தி பட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. சேனமலைத் தோட்டத்து ஸ்டோரில் அடுப்பு பார்க்கிறவர் அவர். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் மலைப்பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வது. அக்கரப்பத்தனைக்கும் டயகமவுக்கும் நடுவில், மேகம் ஜன்னல் வழியாக வந்து விசாரித்துவிட்டுப் போகிற உயரத்தில் அந்த ஸ்டோர் இருக்கிறது. கொழுந்தை உலர்த்தும் இயந்திரத்துக்குச் சூடு கொடுக்க உள்ளே ஒரு பெரிய விறகடுப்பு. அதற்குக் கட்டை தள்ளுவதும் சூட்டைக் கூட்டிக் குறைப்பதும் இருபத்தாறு வருஷமாக அவர் வேலை. தன் உடம்பில் முன்பக்கம் வெந்துபோச்சு, பின்பக்கம் விறைத்துப்போச்சு என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

தாடி மகளுக்காக வைத்தது. பிரியந்தி றொசல்லயில் வாழ்க்கைப்பட்டவள். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று போன் வந்த அன்றே நல்லமுத்து, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துக்கு மேலே இருக்கும் மாரியம்மன் கோவிலுக்குப் போய், "தாயும் புள்ளையும் நல்லபடியா வேறாகட்டும் ஆத்தா, அதுவரைக்கும் கத்தி வைக்க மாட்டேன்" என்று நேர்ந்துகொண்டார். பக்திக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது. பயந்தவர், அவ்வளவுதான். பிரியந்திக்கு முன்னால் அவருக்கு ஒரு மகன் பிறந்து, ஒரு தை மாதக் குளிரில் நெஞ்சுச் சளி கட்டி, நாற்பத்திரண்டாம் நாள் கண்ணை மூடிவிட்டான். அது நடந்தது இன்றைக்கும் அவரும் மனைவி நாகலெட்சுமியும் குடியிருக்கிற அதே லயத்து ஒற்றை அறைக் காம்பராவில்தான். தகரக் கூரை, இரவில் அதில் கட்டுகிற ஈரம் விடியும்போது முகத்தில் சொட்டும். அன்றிலிருந்து குளிர் என்றால் அவருக்கு ஆகாத மனுஷனைப் பார்த்த மாதிரி இருக்கும்.

இப்போது தலைப்பிரசவம் தாய்வீட்டில். தை பத்தாம் தேதி பிரியந்தியைக் கூட்டிவர நாள் குறித்தாயிற்று. அவளும் பிறக்கப் போகிற குழந்தையும் அதே கூரையின் கீழ், அதே மாதத்தில் படுக்க வேண்டும். நல்லமுத்துவுக்கு வேறு நினைப்பே இல்லை.

கார்த்திகைக் கடைசியில் ஸ்டோரைப் பத்து நாள் மூடி, அடுப்பின் உட்புறத்தைப் புதுப்பித்தார்கள். முன்பு சூட்டைத் தாங்க உள்ளே செங்கல் மட்டும்தான் இருந்தது. ஆறேழு வருஷத்துக்கு முன் கதவுக்கும் மேல்பக்கத்துக்கும் கம்பளி போல ஒரு வெள்ளைப் பஞ்சை வைத்து அடித்தார்கள். எவ்வளவு சூட்டிலும் எரியாத பஞ்சு அது. அது வெந்து பொடிந்து போனதால் இப்போது புதிது மாற்ற ஹட்டனிலிருந்து சப்ராஸ் என்ற பொடியன் இரண்டு ஆட்களோடு வந்தான். பொடியன் என்றால் முப்பது வயது, கல்யாணம் ஆனவன்.

உடம்பெல்லாம் மூடிய வெள்ளை உடுப்பு, கையுறை, கண்ணாடி, மூக்கையும் வாயையும் கவ்விப் பிடிக்கிற மாஸ்க் என்று சப்ராஸ் வந்து நின்றதைப் பார்த்து ஸ்டோர் ஆட்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நல்லமுத்துதான் ரொம்பச் சிரித்தவர்.

"என்ன தம்பி, பஞ்சு எடுக்க வந்தீங்களா, இல்ல தேன் எடுக்க வந்தீங்களா?"

"சிரிங்கண்ணே, சிரிங்க," என்றான் அவன். "இது பஞ்சு இல்ல. கண்ணாடி ஊசி மாதிரி. கண்ணுக்குத் தெரியாத ஊசி. தோல்ல குத்துனா அரிக்கும், அது ஒண்ணும் பெரிசில்ல. மூச்சுல போனா நெஞ்சுல தங்கிரும். வருஷக்கணக்கா போச்சுன்னா கேன்சர்கூட வரலாம்னு சொல்றாங்க." கதவை அடைத்து இருட்டாக்கி, கையிலிருந்த டோர்ச்சை அடித்துக் காட்டினான். வெறும் காற்று என்று நினைத்த இடத்தில் வெளிச்சத்துக்குள் பொடிப் பொடியாக என்னவோ மினுங்கி மினுங்கி இறங்கிக்கொண்டிருந்தது. நல்லமுத்து அதைப் பார்த்தார். பார்க்க அழகாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார். அவ்வளவுதான் அவர் மண்டையில் ஏறியது.

அடுப்பின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவர் என்று அவரை உதவிக்குப் போட்டிருந்தார்கள். சப்ராஸ் ஒரு மாஸ்க்கைக் கொடுத்து, போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் பொத்தி ஊதச் சொன்னான். தாடி வழியாகக் காற்று புஸ்ஸென்று வெளியே வந்தது.

"இது சரிவராதுண்ணே. மாஸ்க் விளிம்பு தோலோட ஒட்டணும். தாடிய எடுத்துருங்க."

"அதெல்லாம் முடியாது தம்பி. மககாரிக்கு நேந்து வச்சது."

"வாப்பாவும் என்னைய தாடி வைக்கச் சொல்லித்தான் நிக்கிறாரு. இந்த வேலைய விட்டப்பொறகு வைக்கிறேன்னு சொல்லியிருக்கேன்." அவன் வற்புறுத்தவில்லை. "அப்ப நீங்க உள்ள வர வேணாம். வெளிய நின்னு, நாங்க கட்டித் தர்ற பையத் தூக்கி வைங்க. போதும்."

அப்படித்தான் நடந்தது. அவர்கள் பழைய பஞ்சைத் தண்ணீர் தெளித்து நனைத்து, பிய்த்து, தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பைக்குள் விட்டு இறுக்கிக் கட்டினார்கள். புதிதில் வெட்டி மிஞ்சிய துண்டுகளும் அதே மாதிரி பைக்குள் போயின. மொத்தம் பதினொரு பை. லொறி வந்து ஏற்றும்வரை விறகுக் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கி வைத்தது நல்லமுத்து. யாரும் அவிழ்க்கக் கூடாது என்று சப்ராஸ் சிவப்பு எழுத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டிவிட்டுப் போனான்.

லொறி வரவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்துக்கொண்டே போனது. அந்தப் பதினொரு பையையும் தினம் இரண்டு வேளை தாண்டிப் போனார் நல்லமுத்து. அடுப்பின் சூட்டையே வெளியே விடாமல் பிடிக்கிற பஞ்சு. அதை ஒரு கூரைக்கு அடியில் வைத்தால் என்ன குளிர் உள்ளே வரும்? எங்கேயோ கொண்டுபோய்ப் புதைக்கப் போகிறார்களாம். அவர் கையில் அரிப்பு எடுத்தது உண்மைதான். ஆனால் விறகு தூக்குகிறவன் கையில் எதுதான் அரிக்காது?

மார்கழி பிறந்த வாரம், ஒரு மாலையில் இரண்டு பையைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். ஒன்றில் வெள்ளைத் துண்டுகள். மற்றது அடுப்பிலிருந்து பிடுங்கிய, மஞ்சள் பாய்ந்த பழசு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஏணி போட்டு, தகரத்துக்கும் மூங்கில் தப்பைக்கும் நடுவில் பஞ்சைத் திணித்தார். வெள்ளைப் பஞ்சு காம்பராவில் முக்கால்வாசிக்கு வந்தது. மிச்சமிருந்த கால்வாசிக்குப் பழசை வைத்தார். அந்தக் கால்வாசிக்கு நேர் கீழேதான் நாகலெட்சுமியின் கட்டில் இருந்தது. அவர் எதிர்ப்பக்கம் பாயில் படுக்கிறவர்.

வீடு கதகதப்பாகிவிட்டது. அதை மட்டும் பொய் என்று சொல்ல முடியாது. முதல் நாள் விடியும்போது முகத்தில் ஒரு சொட்டு விழவில்லை. "என்னங்க இது, ராசா வூட்டு அறை மாதிரி இருக்கு!" என்று நாகலெட்சுமி கட்டிலிலிருந்தே சொன்னாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இப்படி ஒரு பாராட்டு அவள் வாயிலிருந்து வந்ததில்லை. நல்லமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துக் காம்பரா இராமையா மாரியம்மன் கோவில் பூசாரி, எப்போதும் இருமிக்கொண்டிருக்கிறவர். அவர் கட்டிலுக்கு மேலேயும் ஒரு பாய் அளவு பஞ்சைத் திணித்துக் கொடுத்தார். நல்லது செய்வதில் கஞ்சத்தனம் எதற்கு?

பத்தாம் நாள் நாகலெட்சுமிக்குக் கழுத்திலும் கையிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி போட்டது. கண் சிவந்து நீர் வடிந்தது. சொறிந்து சொறிந்து தோல் தடித்துவிட்டது. இராமையா வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். பார்த்த உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"முத்து, ஆத்தா வந்திருக்கா. முத்துப் போட்டிருக்கா. வேப்பெல கட்டு."

அதோடு வீட்டின் நடைமுறையே மாறியது. வாசலில் வேப்பிலை தொங்கியது. படுக்கையில் வேப்பிலை பரப்பியாயிற்று. அம்மா இறங்கியிருக்கிற வீட்டில் துடைப்பம் எடுக்கக் கூடாது, எடுக்கவில்லை. துணி துவைக்கக் கூடாது, துவைக்கவில்லை. குளிக்கக் கூடாது, படுக்கையை உதறக் கூடாது, ஊசி மருந்து என்று ஆஸ்பத்திரிக்கு ஓடக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு குறை வைக்காமல் செய்தார்கள். நாகலெட்சுமி வேலைக்குப் போகாமல் இருபத்துநாலு மணி நேரமும் அந்தக் கட்டிலிலேயே கிடந்தாள். அரிப்பு ஏறிக்கொண்டே போனது. ஆத்தா உக்கிரமாக இருக்கிறாள் என்றார் இராமையா.

சம்பந்தியம்மா வீரம்மாவின் போன் றொசல்லயிலிருந்து மூன்றாம் நாள் வந்தது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் சொன்னது நெஞ்சில் இடித்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. அம்மா வந்திருக்கிற வூட்டுக்கு வயித்துப் புள்ளக்காரிய எப்படி அனுப்புறது? சரியா போனா பாப்போம். இல்லாட்டி இங்கயே பெத்துக்கட்டும்."

"சரியா போயிரும்மா. தைக்கு இன்னும் நாள் இருக்கே," என்றார் நல்லமுத்து. போனை வைத்த பிறகு, பக்கத்தில் யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதார்.

ஐந்தாம் நாள் தண்ணீர் ஊற்றினார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை இஸ்தோப்பில், அதாவது லயத்து முன்வாசல் தாழ்வாரத்தில், மணை போட்டு உட்கார்த்தித் தலையோடு ஊற்றினார்கள். புதுச் சேலை கட்டிக்கொண்டாள் நாகலெட்சுமி. என்ன ஆச்சரியம், சாயங்காலத்துக்குள் அரிப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. ஆத்தா மலையேறிவிட்டாள் என்று இராமையா கற்பூரம் காட்டினார். நல்லமுத்து அன்றே றொசல்லவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

இரவு அதே கட்டிலில் படுத்தாள். விடியும்போது மறுபடியும் கழுத்தெல்லாம் சிவப்பு.

"போன ஆத்தா திரும்பி வந்துட்டாளே," என்று சொல்ல வந்த இராமையா, சொல்லும்போதே தன் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார். அவர் கழுத்திலும் அதே புள்ளி. பூசாரி வீட்டுக்கே அம்மா வந்துவிட்டாள் என்று லயம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஆனால் பன்னிரண்டு காம்பரா உள்ள லயத்தில் வேறு யாருக்கும் ஒரு புள்ளி இல்லை. குழந்தைகளுக்குக்கூட இல்லை. அம்மை என்றால் முதலில் குழந்தைகளைத்தானே பிடிக்கும்? நல்லமுத்து இதை ஒரு நாள் முழுக்க மனசில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் பனி கொட்டிய பிறகு வருகிற பளிச்சென்ற காலை. வேலைக்குப் புறப்பட்டவர் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். கதவு இடுக்கு வழியாக ஒரு கீற்று வெயில் இருட்டுக் காம்பராவுக்குள் போய்க் கட்டிலில் விழுந்திருந்தது. நாகலெட்சுமி கண்ணை மூடி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வெயில் கீற்றுக்குள் பொடிப் பொடியாக என்னவோ மினுங்கி மினுங்கி அவள் முகத்தின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டோரில் டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தது. அழகாக இருக்கிறது என்று நினைத்தது. உள்ளே ஓடிப்போய் மனைவியை எழுப்பி, கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். கதவைச் சாத்திவிட்டு, சிக்னல் கிடைக்கிற தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறி, சப்ராஸுக்குப் போன் போட்டார்.

மடமடவென்று எல்லாவற்றையும் சொன்னார். முடித்த பிறகு சப்ராஸ் ஒன்றுதான் கேட்டான்.

"வெள்ளையா, மஞ்சளாண்ணே?"

"ரெண்டும்."

"கட்டிலுக்கு மேல எது?"

தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம்தான் கேட்டது.

"மஞ்சள்," என்றார்.

சப்ராஸ் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "அண்ணே, அதுதான் மோசம். அது வருஷக்கணக்கா நெருப்புல வெந்தது. தொட்டாலே பொடியாகும். வெந்தா அதுல இன்னொரு தூசியும் சேந்துரும். கல்லு ஒடைக்கிறவங்க நெஞ்சப் புடிக்குமே, அந்த மாதிரி. பயப்படாதீங்க, ரெண்டு மூணு வாரத்துல ஒண்ணும் ஆயிடாது. அரிப்பு போயிரும். ஆனா அந்த வூட்டுல இனி ஒரு நிமிசம் யாரும் இருக்கக் கூடாது. நீங்களா கை வைக்காதீங்க. கூட்டாதீங்க, கூட்டுனா மேல பறக்கும். அக்காவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஞாயித்துக்கெழம நான் சாமானோட வாறேன்."

"தம்பி, தை பத்துல மக வரணும்..."

"ஒழுங்கா செஞ்சா வரலாம். ஒழுங்கா செஞ்சா."

மேட்டிலிருந்து இறங்கி வர அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. பாதை தூரமில்லை. ஆனால் சொல்ல வேண்டியது கனமாக இருந்தது. பேசாமல் ஞாயிற்றுக்கிழமை பஞ்சை எடுத்துவிட்டு, ஆத்தா மலையேறிவிட்டாள் என்றே விட்டுவிட்டால் என்ன? அந்த நினைப்பும் வந்தது. வரவில்லை என்று நான் பூசி மெழுக மாட்டேன். ஆனால் இராமையாவின் கட்டிலுக்கு மேலே ஒரு பாய் அளவு பஞ்சு இருக்கிறது. அவருக்கு ஏற்கெனவே இருமல்.

அவர் வீடு வந்தபோது இஸ்தோப்பில் நாகலெட்சுமி போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இராமையா திருநீற்றுத் தட்டோடு நின்று, ஆத்தாளுக்கு என்ன குறை வைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் தள்ளி நின்றார்கள்.

"அண்ணே, தட்டக் கீழ வைங்க," என்றார் நல்லமுத்து. "ஆத்தா வரல. நாந்தான் கொண்டாந்தேன்."

யாருக்கும் விளங்கவில்லை. அவர் கூரையைக் காட்டினார். பைகளை அவிழ்க்கக் கூடாது என்று எழுதியிருந்ததையும், தான் அவிழ்த்ததையும், சப்ராஸ் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் வாய் திறந்தது நாகலெட்சுமி. "அஞ்சு நாளா குளிக்காம கொள்ளாம, அந்தப் பஞ்சுக்கு அடியில ஆத்தா ஆத்தான்னு கெடந்தேனே. அந்தத் தம்பி எழுதி வச்சிருந்தத நீங்க படிக்கலயா?"

"படிச்சேன்."

"படிச்சுமா?"

அதற்கு மேல் அவள் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. போர்வையை அங்கேயே போட்டுவிட்டு, பைப்புக்குப் போய் குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டாள். இராமையா மட்டும் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இத்தனை நாள் கற்பூரம் காட்டியது எதற்கு என்று அவர் முகத்தில் ஓடியது. பாவம், மனுஷன் என்ன செய்வார், புள்ளி என்னவோ அதே மாதிரிதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மூன்று பேரின் நெஞ்சிலும் குழாய் வைத்துப் பார்த்து, களிம்பு கொடுத்து, இப்போதைக்குப் பயமில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி வாருங்கள் என்று அனுப்பினார். நல்லமுத்து நேராக ஸ்டோருக்குப் போய், தான் செய்ததை ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் ஐயாவிடமும் சொன்னார். ஏச்சு வாங்கினார். ஏசி முடித்த கையோடு ஐயா லொறிக்குப் போன் போட்டார். இவ்வளவு நாள் வராத லொறிக்கு அப்போதுதான் வழி தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமை வருகிறதாம். இரண்டு வீட்டுக்காரர்களும் பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற கட்டடத்தில், சாவி வாங்கிக்கொண்டு படுத்தார்கள். நாகலெட்சுமி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சப்ராஸ் தனியாகத்தான் வந்தான். மற்ற இரண்டு பேருக்கும் வேறு வேலை. கையால் அடித்துத் தண்ணீர் தெளிக்கிற பம்பு, பைகள், உடுப்பு, மாஸ்க் எல்லாம் இரண்டு செட் கொண்டு வந்திருந்தான். அவன் நல்லமுத்துவின் முகத்தைப் பார்த்தான். நல்லமுத்து தன் தாடியைப் பிடித்துக்கொண்டார்.

"லயத்துல வேற யாரையாவது வரச் சொல்லுங்கண்ணே," என்றான் மெதுவாக. "நேந்தது, எனக்கு விளங்குது."

வரச் சொன்னால் வந்திருப்பார்கள். அந்த லயத்தில் உதவி கேட்டு இல்லை என்று சொல்கிற ஆள் கிடையாது. ஆனால் தன் வீட்டில் தான் திணித்ததை இன்னொருவன் மூச்சைப் பணயம் வைத்து எடுப்பதா? மறுபக்கம், பிள்ளை பிறக்கிற முன்னால் தாடியை எடுத்தால்? ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர் அவர். ஆத்தாளோடு விளையாட அவருக்குத் தைரியம் இல்லை. அவர் இராமையாவைப் பார்த்தார்.

இராமையா களிம்பு பூசிய கழுத்தோடு கோவில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார்.

"எடுத்துரு முத்து. ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். இத்தன நாள் அவ செய்யாத வேலைக்கெல்லாம் அவ பேரச் சொல்லிட்டேன். இந்த ஒரு வார்த்த அவ கேக்க மாட்டாளா?"

சவரக் கத்தியும் கண்ணாடியும் கொண்டு வந்தது நாகலெட்சுமி. மூன்று நாளாகப் பேசாதவள், அப்போதும் பேசவில்லை. கிண்ணத்தில் சுடுதண்ணீர் வைத்துவிட்டு, கண்ணாடியை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு மாதத் தாடி இஸ்தோப்பில் விழுந்தது. பிறகு மாஸ்க்கைப் போட்டு இரண்டு கையாலும் பொத்தி ஊதினார். காற்று எங்கேயும் போகவில்லை.

பஞ்சை முதலில் நனைத்தார்கள். தூசி பறக்காத மாதிரி தண்ணீரைச் சாரலாகத் தெளித்து, ஊற விட்டு, பிறகு தப்பையைக் கழற்றி மெல்ல மெல்ல இறக்கி, அந்தக் கையோடு பைக்குள் வைத்தார்கள். இழுத்துப் பிய்க்கவில்லை. மஞ்சள் பஞ்சு கையில் ஊறிய பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. கட்டில் மெத்தை, தலையணை, கந்தல் எல்லாம் பைக்குள் போயின. நாகலெட்சுமிக்கு அந்த மெத்தை தாய்வீட்டுச் சீர். அவள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டம், சுவர், தரை எல்லாவற்றையும் ஈரத் துணியால் துடைத்து, துடைத்த துணியையும் பையில் போட்டு, மறுபடியும் புதுத் துணியால் துடைத்தார்கள். இராமையா வீட்டிலும் அதே மாதிரி. மிச்சத் துணிமணிகளைத் தனியாக அலசினார்கள். வேலை முடிந்ததும் உடுப்பை உதறாமல் உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி சுருட்டிக் கழற்றினார்கள். ஸ்டோரில் காற்றுக் குழாயைப் பிடித்து உடம்பில் தூசி ஊதிவிட்டு வருவது நல்லமுத்துவின் இருபத்தாறு வருஷப் பழக்கம். அதைச் சொன்னபோது சப்ராஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். தேய்க்காமல் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஓட விடச் சொன்னான். சோப்பு அப்புறம். மார்கழிப் பச்சைத் தண்ணீர்! நல்லமுத்துவுக்குப் பல் கிட்டிப் போனது.

சாயங்காலம் காம்பராவை இருட்டாக்கி டோர்ச் அடித்துப் பார்த்தான் சப்ராஸ். எதுவும் மினுங்கவில்லை. மூன்று நாள் கழித்துக் காம்பராவை மறுபடி துடைத்துவிட்டு, டோர்ச் அடித்துப் பார்த்த பிறகு படுக்கலாம் என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். கட்டிய பைகளை அவனே ஸ்டோருக்குக் கொண்டுபோய், வந்த லொறியில் மற்ற ஒன்பதோடு ஏற்றிவிட்டான். கூரை பழையபடி வெறும் தகரம் ஆனது. அன்றைக்குப் பனி.

றொசல்லவுக்குப் போன் போட்டு வீரம்மாவிடம் உள்ளதைச் சொன்னதும் நல்லமுத்துதான். "மககிட்ட நானே நேருல சொல்லிக்கிறேன்" என்று கேட்டுக்கொண்டார். அந்தம்மா, "அம்மா இல்லன்னா சரிதாண்ணே, அனுப்புறேன்" என்றார்.

தை பத்தாம் தேதி மத்தியானம், தலவாக்கலையிலிருந்து பிடித்த வேனில் பிரியந்தி வந்து இறங்கினாள். மருமகன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாகலெட்சுமி ஆலாத்தி சுற்றினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படி ஏறிய பிரியந்தி, வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். முகம் வெளுத்தது.

"அப்பா! தாடி எங்க? எனக்குத்தான் இன்னும் புள்ள பொறக்கலயே!"

"அது ஒண்ணுமில்லம்மா," என்று நாகலெட்சுமி முந்திக்கொண்டாள். "ஒங்கப்பாவுக்கு அரிப்பா இருந்துச்சு, நாந்தான் எடுக்கச் சொன்னேன்." இரண்டு மூன்று வாரமாக அவரோடு சரியாக முகம் கொடுத்துப் பேசாதவள், அவருக்காகப் பொய் சொன்னாள்.

நல்லமுத்து அந்தப் பொய்க்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மகளைப் புதுப்பாயில் உட்கார வைத்து, தானும் எதிரில் உட்கார்ந்து, பஞ்சில் தொடங்கித் தாடி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஒரு தடவை மேலே தகரத்தைப் பார்த்தாள். ஒரு தடவை அம்மாவின் கழுத்தில் இன்னும் மறையாத தழும்பைப் பார்த்தாள். அவள் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நல்லமுத்து தயாராக இருந்தார். திரும்பிப் போகிறேன் என்றால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

பிரியந்தி கையை நீட்டி அவர் மழித்த கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சின்ன வயதுக்கு அப்புறம் அவள் அப்படித் தொட்டதில்லை.

"வச்சதும் எனக்காகத்தான, எடுத்ததும் எனக்காகத்தான," என்றாள். "ஆத்தாவுக்குத் தெரியாதா?"

பிரியந்தி சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள்.

"அப்பா, கதவச் சாத்துங்க. குளிருது."